இரண்டு பாதியும் சேராத ஹெலிகொப்டர்

கேள்வி: 1/72 அளவு எம்ஐ-17 ஹெலிகொப்டரின் பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்றை மூன்று மாதமாகக் கட்டுகிறேன். அடிப்பக்கத்தை நெருக்கினால் மேல்பக்கம் வாய் பிளக்கிறது. இடைவெளியை நிரப்பப் பட்டி (putty) பூசினால் காய்ந்ததும் வெடிக்கிறது. என் கைதான் சரியில்லையா?
– ஹட்டன் வாசகர்

உங்கள் கையில் குறை இல்லை. கூட்டின் இடது, வலது பாதிகள் இரண்டின் உள்விளிம்பைப் பாருங்கள். ஒன்றிலுள்ள முனை மற்றதன் குழியில் போய் உட்காரும் அமைப்பு இருக்கிறதா? குறைந்த எண்ணிக்கையில் வார்க்கும் கிட்டுகளில் அது பெரும்பாலும் இருக்காது. அச்சு தேய்ந்த பழைய கிட் என்றால் விளிம்பெல்லாம் பிசிறு. போதாததற்கு, எம்ஐ-17 ஒரு பஸ் மாதிரி வெறும் கூடு. தரை, தடுப்புச் சுவர், விமானி அறை, பின்னால் விரியும் இரட்டைக் கதவு என்று எல்லாம் அந்தக் கூட்டுக்குள்தான் அடங்க வேண்டும். ஒவ்வொன்றும் கால் மில்லிமீற்றர் தடித்திருந்தாலே கூடு மூடாது.

ஆகவே பட்டியை எடுத்து வைத்துவிட்டு, பசை போடாமல் வெறுங்கூட்டை மாஸ்கிங் டேப்பால் மூடிப் பாருங்கள். மூடிக்கொண்டால் தடை உள்ளே இருக்கிறது. தரையை வைத்து மூடுங்கள், பிறகு தடுப்புச் சுவரை, பிறகு விமானி அறையை. எதை வைத்ததும் வாய் பிளக்கிறதோ, அதன் ஓரத்தைத்தான் தேய்க்க வேண்டும். என்னுடைய முதல் எம்ஐ-17ஐ நான் இப்படிப் பார்க்கவில்லை. ரப்பர் பேண்ட் சுற்றி இறுக்கி ஒட்டினேன். ஒரு வாரம் கழித்து, நடு இரவில் அலுமாரிக்குள் 'டக்' என்று சத்தம். காலையில் பார்த்தால் முதுகு முழுக்கப் பிளந்திருந்தது. இறுக்கி ஒட்டிய பிளாஸ்டிக் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பத்தான் பார்க்கும். உங்கள் பட்டி வெடிப்பதற்கும் இதுவே முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

ஒட்டும்போது முழு நீளத்தையும் ஒரே மூச்சில் ஒட்ட வேண்டாம். வால் பக்கம் தொடங்கி மூன்று சென்ரிமீற்றர் ஒட்டி, ஓர் இரவு விட்டு, அடுத்த மூன்றுக்குப் போங்கள். முனையும் குழியும் இல்லாத இடத்தில் உள்விளிம்பில் சிறு நாக்குகள் ஒட்டிக்கொள்ளலாம். அதற்கு யோகட் கப் போதும். அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அது பொலிஸ்டைரீன், மாடல் பசை அதைப் பிடிக்கும். 5 என்றிருந்தால் பிடிக்காது.

ஒரு மில்லிமீற்றர் அகல இடைவெளியைப் பட்டியால் நிரப்ப முடியாது. பட்டியில் உள்ள கரைப்பான் ஆவியாகப் போகப் போக அது சுருங்கும். தடிமனாகப் பூசினால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். நம் மலைக்குளிரில் காய்வது இன்னும் தாமதம். அந்தக் கப்பிலிருந்தே ஒரு பட்டையை வெட்டி இடைவெளிக்குள் செருகி ஒட்டி, காய்ந்த பின் சீவி எடுங்கள். மிஞ்சும் கீறலுக்குச் சுப்பர் குளூவில் கொஞ்சம் முகப் பவுடர் குழைத்துப் பூசலாம். அதை அன்றைக்கே வாட்டர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் அரத்தாள்) தேய்த்துவிடுங்கள், சொரசொரப்பான 400ஆம் இலக்கத்தில் தொடங்கி நைசான 800 வரை. மறுநாளைக்கு விட்டால் அது பிளாஸ்டிக்கை விடக் கெட்டியாகி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் மட்டும் தேய்ந்து பள்ளம் விழும்.

வட்ட ஜன்னல்களின் பக்கம் சுப்பர் குளூ போகவே கூடாது. அதன் ஆவி கூட்டுக்குள் அடைபட்டுக் கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். கூட்டை மூடிவிட்டால் பிறகு துடைக்கவும் வழியில்லை. பைண்டர் கம் என்று விற்கிற வெள்ளைப் பசை போதும், காய்ந்தால் நிறமில்லாமல் போகும்.

மூடுவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. இது மூன்று இடத்தில் சக்கரம் உள்ள ஹெலிகொப்டர், மூக்கில் எடை இல்லாவிட்டால் வாலில் குந்திவிடும். விமானி அறைக்கு அடியில் ஈயத் துண்டு ஒட்டி, பின் சக்கரம் வரும் இடத்தில் பென்சிலை வைத்துத் தாங்கிப் பாருங்கள். மூக்குப் பக்கம் தாழ்ந்தால் சரி.

வண்ணம் அடிக்க மிஸ்ட் இறங்காத, வெயில் விழும் முற்பகலைத் தேர்ந்தெடுங்கள். ஈரக்காற்றில் லக்கர் ஸ்பிரே அடித்தால் பால் போல வெளுத்துவிடும். காய வைக்கிறேன் என்று அடுப்பங்கரைக்குக் கொண்டுபோக வேண்டாம், பொலிஸ்டைரீன் 100 பாகை செல்சியஸை நெருங்கும்போதே இளகிவிடும்.

கடைசியாக, வால் சுழலியை ஒட்டுமுன் நின்று யோசியுங்கள். எம்ஐ-17க்கு முன்னோடியான பழைய எம்ஐ-8க்கு அது வலப்பக்கம், எம்ஐ-17க்கு இடப்பக்கம். எம்ஐ-8 அச்சையே கொஞ்சம் மாற்றி எம்ஐ-17 என்று பெட்டியில் போட்ட கிட்டாக இருந்தால், வழிகாட்டித் தாளில் உள்ள படத்தை நம்பாமல் விமானப்படை எம்ஐ-17இன் நிழற்படம் ஒன்றை வைத்துக்கொண்டு ஒட்டுங்கள்.