முதல் வாரத்துக்கு எது வேண்டும்?

வணக்கம் அண்ணா,

நாங்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதையாக ஆடும் விளையாட்டை விளையாடுகிறோம். நான்தான் டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையை நடத்துகிற ஆள். புது சாகசப் புத்தகம் வந்தால் முதல் வாரமே வாங்கிவிடுவேன். அதற்கான மினியேச்சர்கள், அதாவது கதையில் வருகிறவர்களின் சின்னப் பொம்மைகள், கைக்கு வருவதற்குள் பாதிக் கதை ஓடிவிடுகிறது. புத்தகம் போடுகிறவர்களும், லைசென்ஸ் வாங்கி மினியேச்சர் செய்கிறவர்களும் ஒரே தேதி வைத்துக்கொள்ளக் கூடாதா? இது அலட்சியம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கே.

அன்புள்ள கே.,

அலட்சியம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டும் வேறு வேறு வேகத்தில் நடக்கிற வேலைகள். புத்தகம் அச்சுக்குப் போவதற்குச் சற்று முன்புகூட ஒரு வரியைத் திருத்திவிடலாம். மினியேச்சருக்கு அந்த வசதி கிடையாது. ஓவியத்தை வைத்துக் கணினியில் உருவம் செதுக்க வேண்டும், உரிமம் கொடுத்த நிறுவனத்திடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும், உலோகத்தில் டை, அதாவது வார்ப்பு அச்சு, வெட்ட வேண்டும், வர்ணம் பூசிய மாதிரியை மறுபடி காட்ட வேண்டும். அப்புறம்தான் உற்பத்தி, கப்பல், கிடங்கு எல்லாம். அதனால் எழுத்தாளர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும்போதே சிற்பி தொடங்கியாக வேண்டும்.

உங்களிடம் இருக்கும் ஒரு மினியேச்சரைத் திருப்பி அடியைப் பாருங்கள். அந்த வட்டத் தட்டின் அளவு விதிப்புத்தகத்திலிருந்து வந்தது. ஆடுகிற வரைபடத்தில் மீடியம் அளவு உயிருக்கு ஓர் அங்குலக் கட்டம், லார்ஜுக்கு 2 அங்குலம், ஹியூஜுக்கு 3. பதிப்பாசிரியர் கடைசி நேரத்தில் ஓர் அரக்கனை லார்ஜிலிருந்து ஹியூஜுக்கு ஏற்றினால் பக்கத்தில் மாறுவது ஒரே சொல். அங்கே டை வெட்டியாகிவிட்டது என்றால், பெட்டியில் வருகிற அரக்கன் கட்டத்துக்குப் பொருந்தாமல் நிற்பான்.

2014-ஐ எடுத்துக்கொள்வோம். விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு தொடங்கிய ஆண்டு. அதை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 'டிரனி ஆஃப் டிராகன்ஸ்' என்ற ஒரே பெயரின் கீழ் எல்லாவற்றையும் கொண்டுவந்தது. அதன் முதல் சாகசமான 'ஹோர்ட் ஆஃப் தி டிராகன் குவீன்' ஆகஸ்டில் வெளியானது. அதை எழுதிக்கொடுத்தது கோபோல்ட் பிரஸ் என்ற வேறொரு நிறுவனம். லைசென்ஸ் வாங்கி மினியேச்சர் செய்கிற விஸ்கிட்ஸ் தன் ஐகான்ஸ் ஆஃப் தி ரெல்ம்ஸ் வரிசையின் முதல் தொகுப்பை அதே பெயரில் விட்டது. சொல்லப்போனால் நீங்கள் கேட்கிற ஒருங்கிணைப்பு அதுதான். ஆனால் விதிகள் முடிவாகும் முன்பே சாகசத்தை எழுத வேண்டியிருந்தது. அரக்கர்களின் விவரம் அடங்கிய மான்ஸ்டர் மேனுவல் செப்டம்பர் கடைசியில்தான் வந்தது. இடைவெளியை நிரப்ப இலவசமாக ஒரு இணைப்பை இணையத்தில் கொடுத்தார்கள். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவிலேயே தேதி ஒத்துவரவில்லை என்றால், பிளாஸ்டிக் எப்படி ஒத்துவரும்?

இதை யோசிக்க யோசிக்க, தேதி ஒன்றாக இருப்பதைவிட வரிசை சரியாக இருப்பதுதான் நமக்கு வேண்டியது என்று எனக்குப் படுகிறது. அந்தச் சாகசம் கிரீனெஸ்ட் என்ற ஊர் எரிவதில் தொடங்குகிறது. முதல் இரவே கோபோல்டுகள் என்ற குட்டி அரக்கர்கள் கூட்டம் கூட்டமாக வரும். மேலே ஒரு நீல டிராகன். கதையின் பெரிய வில்லியான டிராகன் ராணி டியாமட்டோ அதே ஆண்டு நவம்பரில் வந்த இரண்டாம் புத்தகத்தின் கடைசியில் வருகிறாள். வாரம் ஒரு நாள் ஆடுகிற குழு அங்கே போய்ச் சேர ஒரு வருடம்கூட ஆகும். ஆக, டியாமட் எட்டு மாதம் கழித்து வந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. கோபோல்டுகள் முதல் வாரமே வேண்டும், அதுவும் டஜன் கணக்கில்.

அந்த முதல் இரவை நாங்கள் சட்டைப் பொத்தான்களை வைத்து ஆடினோம். பன்னிரண்டு பொத்தான்கள், டிராகனுக்கு ஒரு டப்பா மூடி. ஓரம் உடைந்த சிவப்புப் பொத்தான் ஒன்று மூன்று சுற்று சாகாமல் நின்றது. இன்றும் அந்தக் கோபோல்டைப் பற்றிப் பேசுகிறோம். ஆனாலும், அந்த இடத்தில் ஈட்டி பிடித்த ஒரு சின்ன உருவம் நின்றிருக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் ஆசை.

சரியாக அமைந்த ஒன்றும் உண்டு. பாத்ஃபைண்டர் என்ற இதே வகை விளையாட்டை வெளியிடும் பெய்ஸோ தன் 'ரைஸ் ஆஃப் தி ரூன்லார்ட்ஸ்' கதையை 2007-இல் தனித்தனி இதழ்களாகத் தொடங்கியது. 2012-இல் திருத்திய கெட்டி அட்டைப் பதிப்பு வந்தபோது, அதற்கான விஸ்கிட்ஸின் பாத்ஃபைண்டர் பேட்டில்ஸ் மினியேச்சர் தொகுப்பும் அதே ஆண்டில் வந்தது. கதைக்கு ஐந்து வயது ஆகியிருந்ததால் யார் எப்படி இருப்பார், எவ்வளவு உயரம் என்பதெல்லாம் ஏற்கெனவே தீர்மானமாகியிருந்தது. புதுக் கதைக்கும் இதைச் செய்யலாம். முதல் அத்தியாயத்தின் உயிர்களை, ஓவியம், அளவு, ஆயுதம் உட்பட, மற்ற எல்லாவற்றுக்கும் முன்பே முடிவுசெய்து சிற்பியிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அவற்றில் கைவைக்கக் கூடாது. உரிம ஒப்பந்தத்திலேயே இதை எழுதிவைக்க வேண்டும் என்பேன்.

இன்னொன்று, மூடிய பெட்டி. உள்ளே இருக்கும் நான்கு மினியேச்சர்களும் எவை என்று தெரியாமல் வாங்குவது சேகரிப்பவருக்குச் சந்தோஷமாக இருக்கலாம். எட்டு கோபோல்டு வேண்டும் என்று கடைக்குப் போகிற டன்ஜன் மாஸ்டருக்கு அது கொடுமை. புத்தகம் வருகிற அன்றே அந்த முதல் கூட்டத்தை மட்டும் உள்ளே இருப்பது தெரிகிற பாக்கெட்டில் விற்றால், உங்களைப் போன்றவர்களின் பாதிக் குறை தீர்ந்துவிடும்.

அதுவரை ஒரு யோசனை. புத்தகத்தின் பெயர் போட்ட தொகுப்புக்குக் காத்திருக்காதீர்கள். கோபோல்டு, காப்ளின், எலும்புக்கூடு, காவலாள் இவற்றில் ஆறாறு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சாகசத்தை எடுத்தாலும் முதல் இரண்டு மூன்று வாரம் பெரும்பாலும் இவர்கள்தான் வருவார்கள். புத்தகத்தை வாங்கியதும் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டு, அந்தப் பெரிய வில்லனுக்கு மட்டும் இன்றே முன்பதிவு செய்துவிடுங்கள். அவன் வந்து சேர நிறைய நாள் இருக்கிறது.