கடிதம் கேட்டது, சரக்கு போனதா?

கேள்வி: அமெரிக்கக் குடியரசின் தொடக்ககாலப் படை நிர்வாகம் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். 1790களின் போர்த்துறைக் கடிதங்களில் எல்லைப்புறத் தளபதி மாவும் துணியும் கேட்கிறார். போர்ச் செயலர் ‘அனுப்பப்படும்’ என்று பதில் எழுதுகிறார். அதன்பிறகு தடமே இல்லை. சரக்கு போய்ச் சேர்ந்ததா, சேரவில்லை என்றால் யார் பொறுப்பு என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தடம் அறுந்துபோக முதல் காரணம் தீ. 1800 நவம்பர் 8 அன்று வாஷிங்டனில் போர்த்துறை அலுவலகம் எரிந்து, அதுவரை சேர்ந்திருந்த கோப்புகள் அழிந்தன. இன்று நாம் படிப்பவை பெரும்பாலும் மற்றவர் கையில் தங்கிய பிரதிகள்: அனுப்பியவரின் கடிதப் பதிவேடு, பெற்றவரின் குடும்பத்தில் இருந்த தாள்கள், கருவூலத்துக்குப் போன நகல்கள். அவற்றை ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத் திட்டம் 40,000-க்கும் மேலாகத் திரட்டி வைத்திருக்கிறது. ஆகவே பதில் கடிதம் கண்ணில் படவில்லை என்பதை வைத்துப் பதிலே எழுதவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். ஆய்வேடுகளில் அதிகம் காணும் பிழை இதுதான்.

தொலைந்த கடிதத்தை அடுத்த கடிதத்தின் முதல் வரி காட்டிக்கொடுக்கும். நம் அரசுக் கடிதங்களில் ‘பார்வை’ என்று போடுகிறோமே, அந்த வேலையை அன்று ‘தங்களின் 7, 12 தேதியிட்ட கடிதங்கள் கிடைத்தன’ என்ற வரி செய்தது. அதில் ‘இன்ஸ்டன்ட்’ என்றிருந்தால் நடப்பு மாதம், ‘அல்டிமோ’ என்றிருந்தால் சென்ற மாதம். ஒவ்வொரு கடிதத்துக்கும் எழுதிய தேதி, கிடைத்த தேதி, இணைப்புகள் என்று பட்டியல் போடுங்கள். கிடைத்த தேதி பெரும்பாலும் மடித்த தாளின் வெளிப்பக்கத்தில் எழுத்தர் கையெழுத்தில் இருக்கும். முக்கியமான கடிதத்தை இரண்டு மூன்று பிரதி எடுத்து வெவ்வேறு ஆட்களிடம் கொடுத்தனுப்புவார்கள். அவற்றைத் தனித்தனிக் கோரிக்கையாக எண்ணிவிடக் கூடாது.

இடைவெளியையும் கணக்கில் எடுங்கள். 1791 நவம்பர் 4 அன்று வாபாஷ் ஆற்றங்கரையில் படைத்தளபதி செயின்ட் கிளேர் பூர்வகுடிகளிடம் தோற்ற செய்தி அன்றைய தலைநகரான பிலடெல்பியாவுக்கு வந்து சேர்ந்தது டிசம்பர் 9. வழி ஐந்து வாரம் என்றால், கேள்விக்குப் பதில் வரப் பத்து வாரம். செயலர் ‘அனுப்பப்படும்’ என்று எழுதும் நாளில் தளபதி வேறொரு கோட்டையில் வேறொரு பற்றாக்குறையோடு நிற்பார்.

யார் பொறுப்பு என்பது கடிதத்தின் தேதியைப் பொறுத்தது. போர்த்துறை 1789 ஆகஸ்டில் அமைந்தபோதும் உணவு ஒப்பந்தங்கள் கருவூலத்தின் கையில்தான் இருந்தன. 1792 மே 8 சட்டம் உணவு, உடை, தளவாடம் என எல்லாக் கொள்முதலையும் கருவூலத்துக்கே கொடுத்தது. 1795 பிப்ரவரியில் அதே துறையில் பொதுக் கொள்முதல் அலுவலர் என்ற பதவி வந்தது. முதலில் அமர்ந்தவர் டென்ச் பிரான்சிஸ். 1798 ஜூலையில்தான் ஒப்பந்த அதிகாரம் போர்ச் செயலரிடம் திரும்பியது. எனவே 1793-இல் ஒரு தளபதி போர்ச் செயலர் ஹென்றி நாக்ஸிடம் சட்டை கேட்டால், வாங்கும் அதிகாரம் நாக்ஸிடம் இல்லை. அவர் கருவூலத்துக்கு எழுத வேண்டும். அவர் கைகாட்டுவதைத் தட்டிக்கழிப்பாகவே படிப்பது அவருக்கு அநியாயம்.

இனி சரக்கு. செயலரின் வாக்குறுதி சான்றாகாது. ஒப்பந்தம், முன்பண வாரண்ட் (பணம் கொடுக்கச் சொல்லும் ஆணை), இருப்பு அறிக்கை, பெற்றுக்கொண்ட ரசீது ஆகிய நான்கையும் தேடுங்கள். வாரண்டில் கருவூலச் செயலர் கையெழுத்திட, கம்ப்ட்ரோலர் (கருவூலக் கணக்கு மேலதிகாரி) மேலொப்பமிட வேண்டும். பிறகு பதிவேட்டில் ஏறும். ஆக, கடிதம் எரிந்திருந்தாலும் பணம் போன தடம் கருவூலக் கணக்கில் மிஞ்சியிருக்க வாய்ப்புண்டு. ஆனால் வாரண்ட் பணம் போனதை மட்டும் சொல்லும். மாவு போனதைச் சொல்வது கோட்டையின் ரசீதுதான்.

அளவுகளைச் சரிபார்க்க 1790 ஏப்ரல் 30 சட்டம் போதும். ஒரு ரேஷன் (ஓர் ஆளின் ஒரு நாள் பங்கு) என்பது 1 பவுண்டு மாட்டிறைச்சி அல்லது முக்கால் பவுண்டு பன்றியிறைச்சி, 1 பவுண்டு ரொட்டி அல்லது மாவு, அரை கில் (சுமார் 60 மி.லி.) ரம், பிராந்தி அல்லது விஸ்கி. நூறு ரேஷனுக்கு 1 குவார்ட் உப்பு, 2 குவார்ட் வினிகர், 2 பவுண்டு சோப்பு, 1 பவுண்டு மெழுகுவர்த்தி. ஆயிரம் பேருக்கு 30 நாள் மாவு 30,000 பவுண்டு. 196 பவுண்டு பீப்பாயில் 153 பீப்பாய். ஒரு பொதிக் குதிரைக்கு 200 பவுண்டு என்று வைத்தால் 150 குதிரை, அவற்றின் தீவனம் தனி. மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடலாம், மாவை அப்படிக் கொண்டுபோக முடியாது. படை நகர முடியாமல் நின்றது பெரும்பாலும் மாவுக்காகத்தான். இன்னொன்று: ரேஷன் எண்ணிக்கையை ஆள் எண்ணிக்கையாக எடுக்காதீர்கள். கேப்டனுக்கு நாளொன்றுக்கு 3, லெப்டினன்டுக்கு 2 உண்டு. ஆள் கணக்குக்கு மஸ்டர் ரோலை (படைவீரர் பெயர்ப் பட்டியலை) பாருங்கள்.

இந்த முறையைச் செயின்ட் கிளேரின் 1791 படையெடுப்பில் பொருத்திப் பாருங்கள். உணவு ஒப்பந்தத்தை 1790 அக்டோபரில் எடுத்தவர் தியோடோசியஸ் ஃபவுலர். 1791 ஜனவரியில் அதை வில்லியம் டூயருக்கு மாற்றிக் கொடுத்தார். ஒப்பந்தத்தில் ஒரு பெயரும் கடிதங்களில் வேறு பெயரும் வருவது அதனால்தான். டூயர் ஊக வணிகத்தில் மூழ்கியிருந்தவர். 1792 மார்ச்சில் கடனாளிச் சிறைக்குப் போனார். அவருடைய ஆட்களிடம் போதிய பொதிக் குதிரைகள் இல்லை. ஜூலை 10-க்குள் வாஷிங்டன் கோட்டையில் (இன்றைய சின்சினாட்டி) படை திரள வேண்டும் என்பது திட்டம். குவார்ட்டர்மாஸ்டர் (படையின் தளவாட, போக்குவரத்து அதிகாரி) சாமுவேல் ஹாட்ஜ்டன் அங்கு வந்து சேர்ந்ததே செப்டம்பரில். அக்டோபர் 31 அன்று மிலிஷியாவில் (தற்காலிகக் குடிமக்கள் படை) ஒரு கூட்டம் படையைவிட்டு ஓட, அவர்கள் வழியில் உணவு வண்டிகளைக் கொள்ளையடித்துவிடக் கூடாதென்று முதல் ரெஜிமென்டைப் பின்னால் அனுப்பினார் செயின்ட் கிளேர். நவம்பர் 4 தாக்குதலின்போது அவரிடமிருந்த தேர்ந்த படைப்பிரிவு களத்தில் இல்லை. 600-க்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டார்கள். நாக்ஸின் கடிதங்களை மட்டும் படித்தால், எல்லாம் அனுப்பப்பட்டுவிட்டதாகவே தோன்றும்.

இதை விசாரித்த பிரதிநிதிகள் சபைக் குழு 1792 மே மாதம் ஒப்பந்தக்காரர் துறையையும் குவார்ட்டர்மாஸ்டர் துறையையும் குற்றம் சொன்னது. நாக்ஸும் ஹாட்ஜ்டனும் தந்த விளக்கங்களுக்குப் பிறகு, 1793 பிப்ரவரியில் சிலவற்றைத் திருத்தி இன்னோர் அறிக்கை வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதலாவதை மட்டும் மேற்கோள் காட்டினால் தேர்வாளர் பிடித்துக்கொள்வார்.

பழகிக்கொள்ள 1792–94 காலத்தை எடுங்கள். லெஜியன் என்று அன்று அழைக்கப்பட்ட அமெரிக்கத் தரைப்படையின் தளபதி அந்தோனி வெய்னின் தாள்கள் பென்சில்வேனியா வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன. நாக்ஸோடு அவர் நடத்திய கடிதப் போக்குவரத்தின் இரு பக்கமும் கிடைக்கிறது. ஒரே ஒரு பொருளை, சப்பாத்து என்று வைத்துக்கொள்ளுங்கள் (சட்டப்படி வீரருக்கு ஆண்டுக்கு 4 ஜோடி), கோரிக்கையிலிருந்து ரசீதுவரை துரத்திப் பாருங்கள். குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரல் ஜேம்ஸ் ஓ'ஹாராவின் பெயர் வரும் தாள்களில் தொடங்குவது நல்லது, சரக்கை நகர்த்தும் பொறுப்பு அவருடையது.