புது குவார்ட்டர்பேக் தேறுவாரா? ஜெர்சி வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: நாங்கள் அமெரிக்காவுக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. எங்கள் ஊர் என்.எஃப்.எல். (அமெரிக்க ஃபுட்பால் லீக்) அணி போன வருடம், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில், பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஒருவரை எடுத்தது. கல்லூரியில் அவர் ஆடியதைப் பார்த்து வாயைப் பிளந்தோம். இங்கே வந்த பிறகு பந்து எதிரணி கைக்குப் போகிறது, இல்லையென்றால் அவரே கீழே விழுகிறார். ஏழாம் வகுப்பு படிக்கும் மகன் அவர் பெயர் போட்ட ஜெர்சிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். நூறு டாலருக்கு மேல் ஆகும். அலுவலகத்திலோ எல்லோரும் 'இவன் தேற மாட்டான்' என்கிறார்கள். டி.வி.யில் மட்டும் பார்க்கிற என்னைப் போன்றவர்கள் எதை வைத்து இதைக் கணிப்பது?

பதில்: உங்கள் அலுவலக நண்பர்கள் 1998-ல் இண்டியானாபோலிஸில் இருந்திருந்தால் பெய்ட்டன் மேனிங்கையும் இப்படித்தான் கைகழுவியிருப்பார்கள். அந்த ஆண்டு டிராஃப்டில் கோல்ட்ஸ் அணி முதல் ஆளாக எடுத்தவர் அவர். முதல் சீசனில் 28 இன்டர்செப்ஷன், அதாவது அவர் வீசி எதிரணி பிடித்துக்கொண்ட பந்துகள். அறிமுக ஆண்டில் அத்தனை பந்துகளைப் பறிகொடுத்தவர் இன்றுவரை வேறு யாரும் இல்லை. அணிக்கு 3 வெற்றி, 13 தோல்வி. அடுத்த ஆண்டே அது 13 வெற்றி, 3 தோல்வி என்று தலைகீழானது. டல்லஸின் டிராய் எய்க்மன் கதை இன்னும் மோசம். 1989-ல் அவர் தொடங்கிய 11 ஆட்டங்களிலும் தோல்வி. 1992 சீசனில் அதே எய்க்மன் கையில் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலின் கோப்பை.

அப்படியானால் பொறுத்திருந்தால் எல்லோரும் தேறிவிடுவார்களா என்றால், அதுவும் இல்லை. அதே 1998-ல் மேனிங்குக்கு அடுத்த ஆளாக சான் டியேகோ எடுத்த ரையன் லீஃப் முதல் ஆண்டில் கொடுத்தது 2 டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது), 15 இன்டர்செப்ஷன். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. ஆக, முதல் வருட வெற்றி தோல்வியையும் பறிகொடுத்த பந்துகளையும் மட்டும் பார்த்து இந்த மூவரையும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. வேறு இடத்தில் பார்க்க வேண்டும்.

கையில் வலுவில்லாத யாரும் முதல் சுற்றுவரை வருவதில்லை. 60 யார்டு வீசக்கூடியவர்கள் கல்லூரிகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். புதியவர் தடுமாறுவது கண்ணுக்கும் முடிவுக்கும் நடுவே உள்ள இரண்டரை விநாடியில். அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதை ஒரு பிளேயை, அதாவது பந்து ஆட்டத்துக்கு வந்து மறுபடி நிற்கும்வரையான ஒரு நகர்வை, வைத்துப் பார்த்துவிடலாம்.

10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். இது மூன்றாவது டவுன், இன்னும் 7 யார்டு வேண்டும். முந்தைய பிளே முடிந்ததும் கடிகாரம் 40-லிருந்து இறங்குகிறது. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் கோச் அடுத்த பிளேயைச் சொல்கிறார். 1994-லிருந்து இந்த வசதி இருக்கிறது, ஆனால் 15 விநாடி மீதமிருக்கும்போது தொடர்பு தானாகத் துண்டிக்கப்பட்டுவிடும். கேட்ட அந்த நீளமான சொற்கோவையை ஒரு வார்த்தை பிசகாமல் பத்துப் பேருக்குத் திருப்பிச் சொல்லிவிட்டு, நம் ஆள் பந்து இருக்கும் கோட்டுக்கு வருகிறார். எதிரே பார்க்கிறார். இரண்டு சேஃப்டிகள், அதாவது எதிரணியின் கடைசி வரிசைத் தற்காப்பாளர்கள், ஆழத்தில் நிற்கிறார்கள். ஆறு பேர் பாய்ந்து வரத் தயாராக இருப்பதுபோல் முன்னால் குனிந்து நிற்கிறார்கள். எதிரணியின் இரண்டாம் வரிசையில் நிற்கும் நடு லைன்பேக்கர் யார் என்று விரல் நீட்டிக் கத்த வேண்டும். தன்னைக் காக்க முன்வரிசையில் நிற்கும் ஐந்து லைன்மேன்களும் யார் யாரைத் தடுப்பது என்று எண்ணத் தொடங்குவது அந்த ஆளிடமிருந்துதான். அங்கே தப்பினால் ஒருவர் தடையே இல்லாமல் வந்து விழுவார். ஆறு பேர் வரப்போகிறார்கள், ஆகவே குறுக்காக உள்ளே ஓடும் ரிசீவருக்கு (பந்தைப் பிடிப்பவர்) சட்டென்று கொடுத்துவிடலாம் என்று மனதில் முடிவு செய்கிறார்.

பந்து கைக்கு வருகிறது. வலப்பக்க சேஃப்டி முன்னோக்கி ஓடி வருகிறார், இடப்பக்கத்தவர் நடுவுக்கு நகர்கிறார். பாயப்போவதுபோல் குனிந்து நின்ற ஆறு பேரில் மூன்று பேர் பின்வாங்குகிறார்கள். அதில் ஒருவர் போய் நிற்பது, அந்த உள்ளே ஓடும் ரிசீவருக்கும் குவார்ட்டர்பேக்குக்கும் நேர் நடுவில். வேறு எங்கிருந்தோ ஒரு கார்னர்பேக், அதாவது ஓரத்தில் நிற்கும் தற்காப்பாளர், பாய்கிறார். வருவதென்னவோ நான்கே பேர்தான், ஆனால் ஆறு பேரைப் பார்த்துப் போட்ட கணக்கு மண்டைக்குள் இருக்கிறது. பழைய கணக்கை நம்பி வீசினால் இன்டர்செப்ஷன். 'இது என்ன?' என்று பந்தைக் கையிலேயே வைத்திருந்தால் சாக், அதாவது வீசுவதற்கு முன்பே கோட்டுக்குப் பின்னால் வீழ்த்தப்படுவது. நீங்கள் டி.வி.யில் பார்த்துச் சலித்துக்கொள்வது இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

2019 அக்டோபரில் நியூ இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில், நியூயார்க் ஜெட்ஸின் 22 வயது சாம் டார்னால்ட் மைதான ஓரத்தில் உட்கார்ந்து, தனக்குப் பேய்கள் தெரிவதாகச் சொன்னது மைக்கில் பதிவாகி ஊர் முழுக்கச் சிரித்தது. 4 இன்டர்செப்ஷன், 33-0 தோல்வி. அவர் பயந்தாங்கொள்ளி என்று பலர் எழுதினார்கள். எனக்கு அது நேர்மையான வாக்குமூலமாகவே பட்டது. வராத ஆளை வருவதாகப் பார்ப்பதும், வருகிற ஆளைப் பார்க்காமல் விடுவதும்தான் இந்த வயதில் வரும் கோளாறு. 2024-ல் மின்னசோட்டாவில் அதே டார்னால்ட் 14 ஆட்டங்களை வென்று கொடுத்தார்.

கல்லூரியிலேயே இதைப் பழகியிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கல்லூரி ஆட்டம் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் விதிகளும் கோடுகளும் வேறு. மைதானத்தின் நடுவே இரண்டு வரிசையாகக் குட்டிக் கோடுகள் இருக்கும், ஹாஷ் மார்க் என்பார்கள். பந்து எங்கே நின்றாலும் அடுத்த பிளே அந்தக் கோடுகளுக்குள்தான் தொடங்கும். கல்லூரியில் இரண்டு வரிசைக்கும் இடையே 40 அடி, என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம். அதனால் கல்லூரியில் பந்து ஒரு ஓரத்து ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி திறந்து கிடக்கும். அந்த அகலமான பக்கத்தைக் காக்க ஆள் போதாமல் எதிரணி தன் திட்டத்தை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். என்.எஃப்.எல்.லில் பந்து எப்போதும் கிட்டத்தட்ட நடுவில் இருப்பதால் மறைத்து வைப்பது சுலபம்.

இன்னொன்று: கல்லூரியில் லைன்மேன்கள் 3 யார்டு முன்னேறிப் போன பிறகும் பந்தை வீசலாம். இங்கே 1 யார்டுதான். ஓடுவதா வீசுவதா என்பதை ஒரே ஒரு தற்காப்பு ஆட்டக்காரரைப் பார்த்து முடிவு செய்யும் பிளேக்கள் கல்லூரியில் அவ்வளவு எளிதாகப் பலிப்பதற்கு அந்த 2 யார்டு முக்கியக் காரணம். போதாததற்குப் பல கல்லூரி அணிகளில் எல்லோரும் வரிசையில் நின்றுவிட்டு, கோச் எதிரணியைப் பார்த்து என்ன சைகை காட்டுகிறார் என்று ஓரத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள். படிக்கிற வேலையை கோச் செய்துவிடுகிறார், பையன் வீசுகிற வேலையை மட்டும் செய்கிறான்.

இவ்வளவையும் புதிதாகக் கற்க நிதானமான இடம் வேண்டும். டிராஃப்ட் அதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. ஐ.பி.எல். ஏலத்தில் பணமிருக்கிற எந்த அணியும் கையைத் தூக்கலாம். இங்கே முந்தைய சீசனில் கடைசியில் வந்த அணிக்குத்தான் முதல் உரிமை. அதாவது நாட்டிலேயே சிறந்த இளம் குவார்ட்டர்பேக், லைன் ஓட்டையாக, ரிசீவர் இல்லாமல், கோச்சின் வேலை ஊசலாடுகிற ஓர் அணிக்குப் போகிறார். என்னைக் கேட்டால் பாதிப் பேர் தேறாமல் போவதற்கு இதுவே காரணம். அவர்களை எடுத்த அணிகள் அதை ஒப்புக்கொள்ளாது.

2002-ல் புதிதாக உருவான ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் முதல் ஆளாக எடுத்த டேவிட் கார் அந்த ஒரே சீசனில் 76 முறை சாக் ஆனார். அது இன்றும் என்.எஃப்.எல். சாதனை. அடி வாங்கி வாங்கி, அடி வராத நேரத்திலும் கண் கீழே இறங்கி விடுகிறது. அந்தப் பழக்கம் வந்துவிட்டால் பிறகு நல்ல லைன் கிடைத்தாலும் போகாது.

இன்னொரு வகைச் சேதம், மெல்லக் கொல்வது. 2005-ல் முதல் ஆளாக சான் ஃபிரான்சிஸ்கோ எடுத்த அலெக்ஸ் ஸ்மித்துக்கு முதல் நான்கு ஆண்டில் நான்கு ஒருங்கிணைப்பாளர்கள் (தாக்குதல் பிளேக்களைத் திட்டமிடும் பயிற்சியாளர்கள்), நான்கு பிளே புத்தகங்கள். ஒரே பிளேக்கு ஒவ்வொரு ஆண்டும் வேறு பெயர். அவரை ஊரே 'வீண்' என்று முத்திரை குத்தியது. 2011-ல் ஜிம் ஹார்பா பயிற்சியாளராக வந்ததும் அணி 13 வெற்றி, 3 தோல்வி. மேனிங்குக்கோ முதல் நாளிலிருந்து பத்து ஆண்டுக்கு மேல் டாம் மூர் ஒருவர்தான்.

ஜாரெட் கோஃப்பையும் சொல்லிவிடுகிறேன். 2016-ல் முதல் ஆளாக ராம்ஸ் எடுத்தார்கள். தொடங்கிய 7 ஆட்டத்திலும் தோல்வி. அடுத்த ஆண்டு ஷான் மெக்வே வந்தார், இடப்பக்க லைனுக்கு ஆண்ட்ரூ விட்வொர்த் வந்தார், ரிசீவர்கள் கிட்டத்தட்ட முழுசாக மாறினார்கள். அணி 11 வெற்றி. பையனின் கை அப்படியே இருந்தது.

அப்புறம், 'ஒரு வருடம் பெஞ்சில் உட்கார வைத்தால் சரியாகிவிடும்' என்ற வாதம். ஆரன் ராட்ஜர்ஸ் மூன்று ஆண்டு உட்கார்ந்தார், பேட்ரிக் மஹோம்ஸ் ஓர் ஆண்டு. அந்த ஓர் ஆண்டு அவர் உட்கார்ந்தது யாருக்குப் பின்னால் தெரியுமா? நான்கு பிளே புத்தகம் படித்த அதே அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால்தான். ஆனால் 2023-ல் சி.ஜே. ஸ்ட்ரௌட் முதல் நாளே இறங்கி 23 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன் என்று ஆடினார். பெஞ்சில் உட்காருபவருக்குப் பயிற்சியில் கிடைக்கும் வாய்ப்புகளும் குறைவு. முழுக் கவசத்தோடு நடக்கும் பயிற்சியை 2011 ஒப்பந்தம் சீசனுக்கு 14 தடவையாகச் சுருக்கிவிட்டது. கற்றுக்கொடுக்கத் தெரிந்த அணியில் உட்கார்ந்தாலும் பயன், ஆடினாலும் பயன். மற்ற அணிகளில் இரண்டும் வீண் என்பேன்.

இனி உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். டச்டவுன் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். பந்து கைக்கு வந்ததும் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். மூன்றுக்குள் பந்து போய்விடுகிறதா? செப்டம்பரில் நான்குவரை வைத்திருந்தவர் டிசம்பரில் மூன்றுக்குள் விடுகிறார் என்றால் அவருக்குப் படம் தெளிய ஆரம்பித்திருக்கிறது, ஸ்கோர் என்னவானாலும் சரி. வழியில்லாதபோது பந்தை வேண்டுமென்றே பக்கக் கோட்டுக்கு வெளியே எறிவது டி.வி.யில் அசிங்கமாகத் தெரியும், நான் அதற்கு மதிப்பெண் கூட்டிப் போடுவேன். பின்னாலிருந்து காட்டும் ரீப்ளேயில் கண்ணைப் பாருங்கள். ஆட்கள் நெருங்கும்போதும் ரிசீவர்கள் பக்கமே இருக்கிறதா, அல்லது நெருங்குகிறவர்கள் மேல் இறங்குகிறதா? இரண்டாவது என்றால் கவலைப்படலாம். ஒரே வகைத் தப்பு மூன்று மாதம் கழித்தும் வருகிறதா என்றும் பாருங்கள். புதுப்புதுத் தப்பு செய்கிறவர் கற்றுக்கொண்டிருக்கிறார்.

குறி மட்டும் தனி விஷயம். படிக்கிற திறமை வளரும், குறி பெரும்பாலும் வளராது. ஜாஷ் ஆலன் வீசிய பந்துகளில் சொந்த ஆட்கள் பிடித்தவை 2018-ல் 52.8 சதவீதத்தில் தொடங்கி 2020-ல் 69.2 சதவீதத்துக்கு வந்ததை எல்லோரும் சொல்வார்கள். அது விதிவிலக்கு. அதை நம்பி இன்னொருவர்மேல் பந்தயம் கட்டாதீர்கள். உங்கள் ஆள் பக்கத்தில் ஆளே இல்லாத ரிசீவருக்குக்கூடத் தலைக்கு மேல் வீசுகிறார் என்றால் அலுவலக நண்பர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

டி.வி. காமிரா பெரும்பாலும் பந்தோடு ஒட்டியே இருக்கும், சேஃப்டிகள் படத்திலேயே வரமாட்டார்கள். அவர் எதைப் பார்த்துக் குழம்பினார் என்று தெரிய என்.எஃப்.எல். பிளஸ் பிரீமியத்தில் 22 பேரும் தெரிகிற கோச் படம் கிடைக்கும். மைதானத்துக்கே போவதென்றால் டச்டவுன் கோட்டுக்குப் பின்னால் உச்சி வரிசையில் உட்காருங்கள். நான் மேலே சொன்ன சேஃப்டி நகர்வு அங்கிருந்து அப்பட்டமாகத் தெரியும்.

ஜெர்சிக்கு வருகிறேன். முதல் சுற்று ஆட்களுக்கு 4 ஆண்டு ஒப்பந்தம், ஐந்தாவது ஆண்டு அணியின் விருப்பம். அந்த விருப்பத்தை மூன்றாவது சீசன் முடிந்த மே மாதத் தொடக்கத்துக்குள் அணி சொல்லியாக வேண்டும். அவர் தேறினாரா என்று அணியே வாய் திறந்து சொல்லும் முதல் நாள் அது. ஏழாம் வகுப்புப் பையன் அதுவரை அதே அளவில் இருக்கப்போவதில்லை. சிறுவர் அளவு பெரியவர் சட்டையைவிட விலையும் குறைவு. வாங்கிக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கும் ஒன்று எடுக்கும் ஆசை இருந்தால் மட்டும் அந்த மே மாதம்வரை பொறுங்கள்.