ஸ்காபரோ பின்முற்றத்தில் கார்டினல் வரைய

தங்கச்சி, ஹட்டனில் வாட்டர் கலரில் நன்றாகக் குருவி வரைந்த உங்களுக்கு, கனடாவில் ஸ்காபரோ வீட்டுப் பின்முற்றத்துக்கு வரும் கார்டினல் என்ற கொண்டை வைத்த சிவப்புக் குருவி மட்டும் ஏன் வெட்டி ஒட்டியது போல வருகிறது, சிவப்பு ஏன் சேறாகிறது என்று கேட்டிருந்தீர்கள். வெளிச்சமும் காற்றும் மாறியதுதான் காரணம்.

நம் மலையில் மூடுபனி பாதி வேலையைச் செய்துவிடும். குருவிக்குப் பின்னால் தேயிலையும் யூக்கலிப்டஸும் தானாக வெளுத்துப்போகும். இங்கே ஒக்டோபரில் வானம் தெளிந்த நாளில், தூரத்துச் சிவந்த மேப்பிள் இலையும் கிட்டத்துக் குருவி அளவுக்குப் பளிச்சென்று நிற்கும். கண்டபடியே தீட்டினால் சிவப்புக்குள் சிவப்பு தொலைந்துவிடும். பின்னணியை நீங்களே அடக்குங்கள்: பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பில் கொஞ்சம் அல்ட்ராமரைன் நீலம் சேர்த்து, நிறையத் தண்ணீரோடு ஒரே மங்கல் பூச்சு. இலைகளை ஒவ்வொன்றாக வரைய வேண்டாம். முழுச் சிவப்பு குருவிக்கே இருக்கட்டும்.

அடுத்தது வெயிலின் கோணம். ஒக்டோபர் கடைசியில் ஹட்டனில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ 70 பாகை உயரத்தில் நிற்கும். இங்கே 33 பாகைதான். அங்கே முதுகு வெளுக்கும், வயிறு இருளும். இங்கே கொண்டையிலிருந்து வால்வரை ஒரு பக்கம் எரியும், மறுபக்கம் நிழலாகும். பழைய பழக்கத்தில் வயிற்றை மட்டும் இருட்டினால் குருவி கிளையில் உட்காராது.

அந்த நிழலுக்குக் கறுப்போ பச்சையோ கலக்காதீர்கள், சேறாவது அதனால்தான். பெர்மனன்ட் அலிஸரின் கிரிம்ஸன் என்ற கருஞ்சிவப்பில் பிரஷ் நுனியளவு அல்ட்ராமரைன் போதும். முதுகில் சாம்பலும் வேண்டும்: புதிதாக முளைத்த இறகுகளின் ஓரம் இப்போது சாம்பலாக இருக்கும், அது தேய்ந்த பிறகுதான் வசந்தத்தில் முழுச் சிவப்பு வரும். எனக்கு இந்தச் சாம்பல் கலந்த சிவப்புத்தான் அதிக அழகு.

ஹீட்டர் ஓடும் அறையில் காற்று வறண்டிருக்கும், பூச்சு பாதியிலேயே உலர்ந்து விளிம்பு கட்டும். சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளை இரு பக்கமும் நனைத்துப் பலகையில் விரியுங்கள். வண்ணங்களை முன்பே கலந்து வையுங்கள். உலரத் தொடங்கிய இடத்தை மறுபடி தொடாதீர்கள். வெளியே குளிர் கூடினால் வண்ணம் உலரவே உலராது, பென்சிலோடு நிறுத்துங்கள்.

குருவியை வரவழைக்கும் சூரியகாந்தி விதைத் தட்டை ஜன்னல் கண்ணாடியிலிருந்து 1 மீற்றருக்குள் தொங்கவிடுங்கள். அவ்வளவு கிட்டத்திலிருந்து எழும் குருவிக்கு வேகம் பிடிக்காது, மோதினாலும் பெரும்பாலும் தப்பிவிடும். கண்ணாடியின் வெளிப்பக்கம் 5 செ.மீ. இடைவெளியில், குருவிக்குக் கண்ணாடி தெரியும்படி, புள்ளிகளும் ஒட்டிவிடுங்கள். கார்டினல் விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் வரும். நவம்பர் முதல் ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளியதும் மாலை 5 மணியளவில் பொழுது சாய்ந்துவிடும், அதனால் காலையையே வைத்துக்கொள்ளுங்கள்.