வாசகர் கேள்விகள்: வகுப்பறையில் வீடியோ கால்

கேள்வி: எங்கள் அரசுப் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டும் இணையமும் வந்துவிட்டன. வீடியோ காலில் வெளியாட்களைப் பேசவைக்கலாம் என்று தலைமையாசிரியர் சொன்னார். எட்டாம் வகுப்புக்கு ஒரு பொறியாளரை அழைத்தோம். நன்றாகத்தான் பேசினார், ஆனால் கால் மணி நேரத்தில் பிள்ளைகள் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள். இதற்கு யூடியூபில் ஒரு வீடியோவைப் போட்டுவிட்டுப் போகலாமே என்கிறார் சக ஆசிரியர். என்ன பதில் சொல்வது?
- ஓர் ஆசிரியை, செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: அவர் கேட்பது நியாயம்தான் டீச்சர். ஒருவர் பேச, நாற்பது பேர் கேட்க என்றால் பதிவு செய்த வீடியோவே மேல். நடுவில் நிறுத்தலாம், திருப்பிப் போடலாம், சத்தமும் தெளிவாக இருக்கும். வீடியோ காலுக்கென்று தனியாக இருக்கிற பலம் ஒன்றுதான்: இந்தப் பக்கம் ஒரு பிள்ளை கேட்டால் அந்தப் பக்கம் இருப்பவர் அந்தப் பிள்ளைக்கே, அப்போதே பதில் சொல்கிறார். அமெரிக்காவில் 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டிலிருந்து இரண்டரை வயதுக் குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களைச் சிலருக்கு நேரிலும், சிலருக்கு வீடியோ காலிலும், சிலருக்குப் பதிவு செய்த வீடியோவிலும் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். நேரில் கேட்ட குழந்தைகளும் வீடியோ காலில் கேட்ட குழந்தைகளும் கற்றுக்கொண்டார்கள், பதிவைப் பார்த்தவர்கள் கற்கவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் விஷயம் வேறு, அந்த முடிவை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் திரையில் முகம் தெரிந்தால் மட்டும் போதாது, பேச்சு இரண்டு பக்கமும் போய்வர வேண்டும் என்பது அதில் நன்றாகத் தெரிகிறது.

அதனால் யாரை அழைப்பது என்று தேடுவதற்கு முன்னால், நம் வகுப்பில் இல்லாத எது அந்தப் பக்கம் இருக்கிறது, நாம் அவர்களுக்குக் கொடுக்க என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். உங்கள் ஊருக்கென்றே பொருந்துகிற ஒன்றைச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது இது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனீஸ் என்ற கிரேக்க அறிஞர் நிழலை அளந்தே பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். ஒரே நாளில் நடுப்பகலில் எகிப்தின் சையீன் என்ற ஊரில் சூரியன் நேர் தலைக்கு மேலே, வடக்கே அலெக்சாண்ட்ரியாவில் 7.2 டிகிரி சாய்வு. வட்டத்தின் 360 டிகிரியில் அது ஐம்பதில் ஒரு பங்கு. ஆகவே இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தைப் போல ஐம்பது மடங்கு பூமியின் சுற்றளவு. ஒரே ஊரில் இருந்துகொண்டு இந்தக் கணக்கைப் போட முடியாது, இன்னொரு ஊர் வேண்டும், அந்த ஊரில் அன்றைக்கு அளக்க ஆள் வேண்டும்.

செங்கல்பட்டும் யாழ்ப்பாணமும் ஏறக்குறைய ஒரே தீர்க்கக்கோட்டில், 80 டிகிரியை ஒட்டி இருக்கின்றன. அட்சக்கோட்டில் மட்டும் 3 டிகிரி வித்தியாசம், வடக்கு தெற்காக ஏறத்தாழ 335 கிலோமீட்டர். இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்று, இரண்டு பக்கமும் தமிழ். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளியைப் பிடியுங்கள். செப்டம்பர் 23-ஐ ஒட்டிய சமப்பகலிரவு நாளில், பன்னிரண்டு மணி தாண்டி இரண்டு மூன்று நிமிடத்தில், இரண்டு பள்ளியிலும் ஒரு மீட்டர் குச்சியை நட்டு நிழலை அளக்கட்டும். உங்களுக்கு 22 அல்லது 23 சென்டிமீட்டர் வரும், அவர்களுக்கு 17 வரும். தாளில் அளவு மாற்றி முக்கோணம் வரைந்து பாகைமானியால் கோணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 3 டிகிரி வந்தால் 360-ல் அது 120-ல் ஒரு பங்கு, 335-ஐ 120-ஆல் பெருக்கினால் 40,200. பூமியைத் துருவங்கள் வழியாகச் சுற்றி அளந்தால் உண்மையில் கிட்டத்தட்ட 40,000 கிலோமீட்டர்தான்!

முதல் தடவையே இவ்வளவு சரியாக வராது. நிழலில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் கோணம் அரை டிகிரி மாறும், விடை 34,000-க்கும் 48,000-க்கும் நடுவில் ஆடும். அந்தப் பிசகுதான் உங்கள் வகுப்புக்குக் கிடைக்கிற நல்ல வாய்ப்பு. உங்கள் குச்சி நேராக நின்றதா, தரை சமமா, நிழல் முனை மங்கலாக இருக்குமே, அதை எப்படிக் குறித்தீர்கள் என்று இரண்டு வகுப்பும் ஒன்றையொன்று கேட்கும். கொத்தனார் வைத்திருக்கிற தூக்குக்குண்டைக் குச்சிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, கேமரா முன்னால் காட்டி நிரூபிக்க வேண்டியிருக்கும். மறுநாள் திரும்ப அளப்பார்கள். யூடியூப் வீடியோவிடம் போய் உன் குச்சி நேராக இருந்ததா என்று கேட்க முடியாது, உங்கள் சக ஆசிரியருக்கு இதையே பதிலாகச் சொல்லலாம்.

அன்றைக்கு மேகம் மூடிவிட்டால் ஒன்றும் மோசமில்லை, நான்கைந்து நாள் முன்பின் செய்யலாம். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே நாளாக இருக்க வேண்டும்.

இன்னும் எளிதாக ஆரம்பிக்க வேண்டுமென்றால் ஊர் கண்டுபிடிக்கும் விளையாட்டு இருக்கிறது. ஸ்கைப் என்ற வீடியோ கால் செயலி இருந்த காலத்தில் உலகம் முழுக்கப் பள்ளிகளில் நடந்தது. எங்கே இருக்கிறோம் என்று சொல்லாமல் இரண்டு வகுப்புகள் பேசும், ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் வரும் கேள்விகளாகக் கேட்டு, வரைபடத்தில் இடத்தைச் சுருக்கிக்கொண்டே வரும். ஸ்கைப்பை 2025 மே மாதம் மூடிவிட்டார்கள், விளையாட்டுக்கு எந்தச் செயலியும் போதும். நாலு பேர் வரைபடத்தில், நாலு பேர் கேள்வி எழுத, இரண்டு பேர் மைக்கில் என்று வேலை பிரித்துக் கொடுங்கள். வேலை இல்லாத பிள்ளைதான் நெளியும்.

அப்புறம் அந்தப் பொறியாளரை விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை வீட்டு நாற்காலியிலிருந்து பேசாமல், வேலை நடக்கிற இடத்தில் நின்று போனைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளின் கேள்விகளை முன்கூட்டியே எழுதி வாங்கி அவருக்கு அனுப்பிவிடுங்கள். இருபது நிமிஷம் போதும்.

கேள்வி: கால் போட்டால் எங்கள் வகுப்பில் ஒரே எதிரொலி, பிள்ளைகள் பேசுவது அந்தப் பக்கம் கேட்பதே இல்லை. நல்ல கேமரா வாங்கலாமா? எவ்வளவு டேட்டா ஆகும்?
- ஓர் ஆசிரியர், தென்காசி

பதில்: கேமராவுக்குச் செலவு செய்யாதீர்கள் சார். படம் கொஞ்சம் மங்கினால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், சத்தம் விட்டுவிட்டு வந்தால் ஐந்து நிமிஷத்தில் வகுப்பு கலைந்துவிடும். இருக்கிற பணத்தில் வயர் வைத்த சாதாரண மைக் ஒன்று வாங்குங்கள். ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் திரும்ப மைக்குக்குள் போவதுதான் எதிரொலி, அதனால் ஸ்பீக்கரை மைக்கிலிருந்து தள்ளி வையுங்கள், அந்தப் பக்கம் பேசும்போது உங்கள் மைக்கை மியூட் செய்யுங்கள். பேச வேண்டிய பிள்ளை எழுந்து மைக்குக்குப் பக்கத்தில் வந்து பேசட்டும், பெஞ்சில் இருந்தபடி கத்த வேண்டாம். மைக்குக்கு நேர் மேலே இருக்கிற ஃபேனையும் அந்த நேரத்துக்கு நிறுத்திவிடுங்கள். ஜன்னல் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகமெல்லாம் கறுப்பாகத் தெரியும், கேமராவை ஜன்னல் பக்கம் வைத்துப் பிள்ளைகளை அதைப் பார்த்து உட்காரவையுங்கள்.

டேட்டா, ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிபியிலிருந்து ஒன்றரை ஜிபி வரை, படத்தின் தரத்தைப் பொறுத்தது. இலவச ஜூம் நாற்பது நிமிஷத்தில் துண்டித்துவிடும். கூகுள் மீட்டில் இரண்டே இணைப்பு என்றால் அந்தத் தொல்லை இல்லை, வகுப்புக்கு வகுப்பு பேச அது சௌகரியம். முதல் நாளே, அதே அறையில், அதே நேரத்தில், அந்தப் பக்க ஆசிரியரோடு ஒரு ஐந்து நிமிஷம் பேசிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு. பள்ளியில் வெளிநாட்டுப் பிள்ளைகளோடு வீடியோ காலில் பேசவைத்தார்கள், சந்தோஷம். ஆனால் அந்த ஸ்கிரீன்ஷாட்டை ஆசிரியர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறார், பிள்ளைகளின் பெயரோடு. சொன்னால் தவறாக நினைப்பார்களோ?
- ஒரு தாய், சேலம்

பதில்: சொல்லுங்கள் அம்மா, தயங்காமல் சொல்லுங்கள். 2023-ல் வந்த தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள எல்லாரையும் குழந்தை என்றுதான் சொல்கிறது, அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. சட்டத்தை எடுத்து நீட்ட வேண்டியதில்லை. மிஸ், படத்தை எடுத்துவிடுங்கள், இனிமேல் முகம் தெரியாத மாதிரி போடுங்கள் என்று நேரில் கேட்டால் பெரும்பாலும் உடனே எடுத்துவிடுவார்கள், ஆர்வத்தில் செய்ததுதான். ஆசிரியர்களும் இதைக் கவனியுங்கள்: இணைப்பு முகவரியைப் பெரிய குழுக்களில் போடாதீர்கள், அனுமதித்தால்தான் உள்ளே வரலாம் என்று அமைத்துக்கொள்ளுங்கள். வருகிற விருந்தினர் யாராக இருந்தாலும் ஓர் ஆசிரியர் வகுப்பில் இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையின் எண்ணும் வெளியாள் கைக்குப் போகக் கூடாது.

கேள்வி: எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆங்கிலம் பேசக் கூச்சப்படுகிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களை வீடியோ காலில் பேசவைத்தால் பயன் இருக்குமா?
- பி.எட். மாணவர், ராமநாதபுரம்

பதில்: இருக்கும், பேச வருபவர் பாடம் நடத்தாமல் இருந்தால். 2009-ல் நியூகாசில் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுகதா மித்ரா, பிரிட்டனில் இருந்த தன்னார்வலர்களை ஸ்கைப் வழியாக இந்தியப் பிள்ளைகளோடு பேசவைத்தார், அதில் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் நிறையப் பேர். கிரானி கிளவுட், அதாவது பாட்டிகள் மேகம் என்றே அதற்குப் பெயர் வந்தது. அவர்கள் செய்தது கதை வாசிப்பது, பாடுவது, பிள்ளைகள் காட்டியதைப் பார்த்து, அட இது எப்படிச் செய்தாய் என்று கேட்பது. இலக்கணம் திருத்தவில்லை. நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ஒரு பிள்ளை நண்டு வலையைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கட்டும், அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது தெரியாது, பிள்ளைக்குத் தெரியும், கூச்சம் பாதி அங்கேயே போய்விடும். தமிழில் இரண்டு சொல் கலந்தால் தடுக்காதீர்கள்.

நேரத்தைப் பார்த்து ஆளைத் தேடுங்கள். லண்டனில் காலை ஒன்பது என்றால் நமக்கு மதியம் ஒன்றரை அல்லது இரண்டரை, வகுப்பு நேரத்துக்குள் வந்துவிடும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி, அதுவும் சரிப்படும். நம் வகுப்பு நேரத்தில் நியூயார்க்கில் ராத்திரி, அமெரிக்காவில் இருக்கிற சொந்தக்காரர்களைச் சனிக்கிழமை காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.