நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) புராணத்து ஓநாய்கள்: கேள்வி பதில்

கே: அண்ணா, ஃபென்ரிர் ஓநாய் யாருடைய பிள்ளை?

ப: தந்திரக்கார லோக்கிக்கும் அங்கர்போதா என்ற அரக்கிக்கும் பிறந்தது. உலகைச் சுற்றிக் கிடக்கும் யோர்முங்காண்ட் பாம்பும் பாதாளத்து ஹெல்லும் அதன் உடன்பிறப்புகள்.

கே: சூரியனை விழுங்குவதும் அதுதானே? கேமில் பார்த்தேன்.

ப: கேமை நம்பாதீர்கள், எந்தப் பாடல் சொல்கிறது என்று பாருங்கள். கிரிம்னிஸ்மாலில் சூரியனைத் துரத்துவது ஸ்கோல் என்ற ஓநாய். வாஃப்த்ரூத்னிஸ்மாலில் விழுங்குவது ஃபென்ரிர். அங்கே சூரியன் ஒரு பெண். விழுங்கப்படும் முன் ஒரு மகளைப் பெறுகிறாள், அந்த மகள் தாயின் பாதையில் போவாள்.

கே: கேரி, ஃப்ரெக்கி?

ப: தேவர்களின் தலைவன் ஓடின் தன் சாப்பாட்டைப் போட்டு வளர்க்கும் ஓநாய்கள். அரக்க ஓநாய்கள் அல்ல.

கே: ஃபென்ரிரைக் கட்டிப்போட்டது துரோகம் இல்லையா?

ப: துரோகம்தான். 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி எழுதியதைப் படியுங்கள். லேடிங், துரோமி என்ற இரண்டு தளைகளையும் ஃபென்ரிர் உடைத்துவிட்டது. அப்புறம் குள்ளர்கள் பூனையின் காலடிச் சத்தம், பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில் சேர்த்து கிளைப்னிர் என்ற கட்டைச் செய்தார்கள். பட்டு நாடா போல மெல்லியது. ஓநாய்க்குச் சந்தேகம் வந்தது. அறுக்க முடியாவிட்டால் அவிழ்த்துவிடுவோம் என்று தேவர்கள் வாக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பிணையாக டியூர் என்ற தேவன் தன் கையை அதன் வாயில் வைத்தான். கட்டு இறுகியதும் எல்லாரும் சிரித்தார்கள், டியூரைத் தவிர. அவன் கை போனது.

கே: ஓடினைக் கொல்லப்போகும் மிருகத்தை வேறு என்ன செய்வது? தேவர்கள் பக்கம்தான் நியாயம்.

ப: ஆபத்து உண்மைதான். ஆனால் பயந்தவர்கள் எல்லாரும் பொய் சொன்னார்கள், விலை கொடுத்தது அந்த ஓநாய்க்குத் துணிந்து சாப்பாடு போட்ட டியூர் மட்டும். இது எப்படி நியாயம்?

கே: அப்போ கொன்றிருக்கலாமே!

ப: ஸ்னோரியிலேயே இந்தக் கேள்வி வருகிறது. புனித இடத்தை அதன் ரத்தத்தால் தீட்டாக்க தேவர்கள் விரும்பவில்லையாம். அதாவது இடம் கெடக் கூடாது, வாக்கு கெடலாம். இதை எப்படி ஏற்பது?

கே: சூரியனை விழுங்குவது ஃபென்ரிரா, ஸ்கோலா?

ப: மேலே இரண்டாவது பதில். கேட்கும் முன் படியுங்கள்.

கே: ஓடினின் மகன் விதார் ஃபென்ரிரை எப்படிக் கொல்கிறான்?

ப: மறுபடியும், எந்த நூலில்? வோலுஸ்பா பாடலில் இதயத்தில் வாளைப் பாய்ச்சுகிறான். ஸ்னோரியில் கீழ்த்தாடையை மிதித்து வாயைக் கிழிக்கிறான். இங்கிலாந்தின் கோஸ்ஃபோர்த் சிலுவையில் ஒருவன் மிருகத்தின் வாயில் காலை வைத்து நிற்கும் சிற்பம் இருக்கிறது. அவன் விதார் என்றே பலரும் கருதுகிறார்கள்.