கன்சோல்ல போட்டா மட்டும் ஸ்கிரிப்ட் ஏன் தொங்குது?

கேள்வி: வணக்கம்ண்ணே, பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரியில நெட்வொர்க் பாக்குறேன். சிஸ்கோ சுவிட்ச் எல்லாத்தோட கன்சோல் போர்ட்டும் ஒரு கன்சோல் சர்வர்ல, அதாவது அதையெல்லாம் தூரத்துல இருந்தே திறக்க வைக்கிற பெட்டியில, மாட்டியிருக்கு. எக்ஸ்பெக்ட்ல (ஸ்கிரீன்ல வர்றதைப் பாத்து தானே பதில் டைப் பண்ற டூல்) எழுதின லாகின் ஸ்கிரிப்ட் எஸ்எஸ்எச்ல (நெட்வொர்க் வழி லாகின்) ஒழுங்கா ஓடுது, கன்சோல் வழியா விட்டா சில நாள் "யூசர்நேம்" வரும்னு காத்து அப்படியே தொங்கிடுது. ராத்திரில பாலம் தாண்டி வந்து பாக்க வேண்டியிருக்கு. என்னண்ணே செய்யலாம்?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, எஸ்எஸ்எச்ல ஒவ்வொரு தடவையும் புது செஷன். கன்சோல் ஒரே ஒரு சீரியல் லைன், முன்னாடி இருந்தவர் கான்ஃபிக் மோட்ல (செட்டிங் மாத்துற நிலை) இருந்தபடியே விண்டோவை மூடிட்டுப் போயிருந்தா அங்கயேதான் நிக்கும், அப்புறம் யூசர்நேம் எங்கேர்ந்து வரும்? சிஸ்கோவுல சும்மா கிடந்தா 10 நிமிஷத்துல தானே வெளிய தள்ளிடும், ஆனா நிறைய இடத்துல அந்த நேரத்தைச் சொல்ற எக்செக் டைம்அவுட்டை 0 0ன்னு வச்சு அதையும் நிறுத்திடறாங்க.

அதனால கனெக்ட் ஆனதும் முதல்ல ஒரு என்டர் தட்டு, தட்டாம சும்மா இருக்குற லைன் வாயே திறக்காது. என்ன வருதுன்னு பாத்துட்டு அதுக்கேத்த மாதிரி போ: யூசர்நேம் கேட்டா லாகின், கான்ஃபிக் மோட்னா எண்ட், நீள அவுட்புட் பாதியில நிக்குற மோர்னா க்யூ, ஏற்கனவே லாகின் ஆகி கமாண்டுக்குக் காத்திருக்கிற ஹேஷ் (#) ப்ராம்ப்ட்னா நேரா வேலை. வெறும் ஹேஷை மட்டும் தேடாத, பேனர்ல (லாகின் நேரத்துல வர்ற அறிவிப்பு) கோடு கோடா ஹேஷ் போட்டிருப்பாங்க, ஸ்கிரிப்ட் அதையே ப்ராம்ப்ட்னு நம்பிடும். ஹோஸ்ட்நேமும் (சுவிட்சோட பேர்) சேர்த்து, வரியோட கடைசியில வருதான்னு பாரு.

கண்ணை மூடிட்டு பாஸ்வர்ட் அனுப்புறதுதான் எனக்கு ரொம்ப பயம். பாஸ்வர்ட் கேக்காத நேரத்துல அனுப்பினா அது ஸ்கிரீன்ல அப்படியே தெரியும், கன்சோல் சர்வர் லாக்லயும் ஏறிடும், அதுவும் எக்செக் ப்ராம்ப்ட்ல (கமாண்ட் அடிக்கிற இடம்) விழுந்தா ஐஓஎஸ் (சிஸ்கோவோட சாஃப்ட்வேர்) அதை ஏதோ ஹோஸ்ட் பேர்னு நினைச்சு டிஎன்எஸ்ல (பேருக்கு ஐபி அட்ரஸ் சொல்றது) தேட ஆரம்பிச்சிடும், டிஎன்எஸ் சர்வர் எதுவும் செட் பண்ணலன்னா 255.255.255.255க்கே, அதாவது நெட்வொர்க் முழுக்க உன் பாஸ்வர்ட் போகும். இந்தத் தேடலை, அதாவது டொமைன் லுக்அப்பை, ஆஃப் பண்ணிடு. பாஸ்வர்டை கமாண்ட் லைன்லயும் குடுக்காத, பிஎஸ் (ஓடுற புரோகிராம் பட்டியல்) அடிச்சா யாருக்கும் தெரியும்.

நீள கான்ஃபிக்கை மொத்தமா தள்ளாத. கன்சோலோட 9600 பாட் வேகத்துல செகண்டுக்கு 960 எழுத்துதான் போகும், நடுவுல எழுத்து காணாம போகும். எக்ஸ்பெக்ட்ல சென்ட் மைனஸ் எஸ் போட்டு மெதுவா அனுப்பு, ஒவ்வொரு வரிக்கும் ப்ராம்ப்ட் திரும்பி வந்த பிறகு அடுத்தது. வேலை முடிஞ்சா எக்ஸிட், எர்ரர்ல விழுந்தாலும் எக்ஸிட். இல்லேன்னா அடுத்து அந்த போர்ட்டைத் திறக்கிறவருக்கு பாஸ்வர்டே இல்லாம எனேபிள் (முழு அதிகாரம்) கிடைச்சிடும்.